வேலூர் வெயிலில் பிறந்த பட்டன் ரோஜா: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் என் மாடியில் பூக்கிற பட்டன் ரோஜாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நானே விதை போட்டு எடுத்த செடி என்று அதில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. மல்லிகை, செம்பருத்தி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சரியில் வாங்கும்போது செடி முழுக்கப் பூ. வீட்டுக்கு வந்த மூன்றே வாரத்தில் இலை உதிர்ந்து குச்சி கறுத்துவிடுகிறது. மூன்றாவது செடியும் போய்விட்டது. என் கை ராசி சரியில்லையா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

கை ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைம்மா. அந்தச் செடி எங்கே வளர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். நம் பக்கம் வருகிற ரோஜாச் செடிகள் பெரும்பாலும் ஓசூர், பெங்களூரு, ஆந்திராவில் கடியம் பக்கத்து நர்சரிகளிலிருந்து வருகின்றன. பச்சை நிழல்வலைக்குக் கீழே வேளாவேளைக்கு உரத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள். ஒரு ராத்திரி லாரியில் வந்து, மறுநாள் நம் மொட்டை மாடியில் 40 டிகிரி வெயிலில் நின்றால் என்ன ஆகும்?

அடுத்த முறை கவரைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். பல செடிகளில் வேரைச் சுற்றி செங்களிமண் உருண்டையாக இறுகியிருக்கும். அதை அப்படியே நல்ல மண்கலவையில் வைத்தால், ஊற்றுகிற தண்ணீர் பக்கத்து மண்ணில் இறங்கி ஓடிவிடும். உருண்டை உள்ளே காய்ந்தே கிடக்கும். மேல்மண் ஈரமாக இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், செடி தாகத்தில் சாகும். அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, வெளிப்புற மண்ணை மட்டும் விரலால் மெல்லக் கரைத்துவிடுங்கள். இதைக் கார்த்திகையிலிருந்து தை வரைதான் செய்யலாம். சித்திரையில் ரோஜாச் செடியே வாங்காதீர்கள், எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும் சரி.

நட்ட அன்றைக்கே பூ, மொட்டு எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். மனசு கேட்காது, தெரியும். ஆனால் புது வேர் விட வேண்டிய நேரத்தில் பூவுக்குச் சாப்பாடு போகக் கூடாது. பத்து நாள் காலை வெயில் மட்டும் காட்டுங்கள், அப்புறம் மெதுவாக வெளியே நகர்த்துங்கள்.

ஒட்டுச் செடியா, சொந்த வேரில் நிற்கும் செடியா என்பதையும் பார்த்து வாங்குங்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு நர்சரியில் மஞ்சள் பட்டன் என்று சொல்லி எனக்கு ஒன்று கொடுத்தார்கள். முதல் மழைக்கே ஒட்டுக்குக் கீழிருந்து முள் இல்லாத நீளக் கிளை ஒன்று சரசரவென்று ஏறியது. செழிப்பாக வளர்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆறு மாதத்தில் மஞ்சள் ரோஜா செத்து, அடிக்கட்டையாக இருந்த காட்டு ரோஜா மட்டும் மிஞ்சியது. பட்டன் ரோஜாவுக்கு ஒட்டே தேவையில்லை. குச்சியிலேயே நன்றாக வேர் விடும், மேலே கருகினாலும் அடியிலிருந்து அதே செடிதான் திரும்ப வரும்.

பட்டன் ரோஜா, மினியேச்சர் ரோஜா, காஷ்மீர் ரோஜா என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

வண்டிக்காரர் சொல்கிற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பூ, இலை, கணுவுக்குக் கணு உள்ள இடைவெளி மூன்றும் சேர்ந்தே சிறுத்திருந்தால் அது மினியேச்சர். செடி இடுப்பு உயரம் வளர்ந்து பூ மட்டும் சின்னதாக இருந்தால் வேறு வகை.

இதன் பூர்வீகம் சீன ரோஜா. அதன் குட்டை வடிவம் ஒன்று சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமத்தின் சன்னல் தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்ததை ரூலே என்ற ராணுவ அதிகாரி கவனித்தார். தாவரவியலாளர் ஆன்ரி கொரவோன் அதற்கு ரூலேயின் பெயரையே வைத்தார். ஹாலந்தில் போஸ்கோப் ஊர்க்காரர் யான் தெ விங்க் அதை வேறொரு கொத்து ரோஜாவோடு சேர்த்து எடுத்த செடி, 1936-ல் அமெரிக்காவில் ‘டாம் தம்ப்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்தக் குட்டிச் செடிக்கு ஒரு வாழ்நாளையே கொடுத்தவர் கலிஃபோர்னியாவின் ரால்ஃப் மூர். 1907-ல் பிறந்து 2009-ல் மறைந்தார். அவர் நர்சரி இருந்த வைசேலியா, கோடையில் நம் ஊர் மாதிரியே கொளுத்துகிற பள்ளத்தாக்கு. அந்த வெயிலில் நின்றுதான் அவர் நூற்றுக்கணக்கான ரகங்களை எடுத்தார். எனக்கு அவர் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அந்த ஊர் வெயிலும் ஒரு காரணம்.

நானே இரண்டு ரோஜாக்களைச் சேர்த்து விதை எடுத்துப் புது ரகம் உருவாக்க முடியுமா? எங்கள் வீட்டில் இருப்பது ஆறு தொட்டிதான். வெயில் தாங்குகிற செடி வேண்டும்.
– ஒரு கல்லூரி மாணவர், திருவண்ணாமலை

முடியும் தம்பி. ஆறு தொட்டி போதும், பொறுமைதான் நிறைய வேண்டும். இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ரோஜா விதையில் தாய் மாதிரியே பிள்ளை வராது. ஒரே காயிலிருந்து வரும் ஐந்து விதையும் ஐந்து விதமாக இருக்கும். அதனால் நீங்கள் செய்யப்போவது இரண்டு வேலை. ஒன்று, நிறையப் பிள்ளைகளைப் பிறக்க வைப்பது. இன்னொன்று, அதில் எது நம் ஊருக்கு ஆகும் என்று பொறுக்குவது. முதல் வேலையை யாரும் ஒரு காலையில் கற்றுக்கொள்ளலாம்.

தாயாக எதை எடுப்பது? உங்கள் மாடியிலேயே இரண்டு மூன்று கோடையைத் தாண்டி, தானாகவே காய் பிடிக்கிற பட்டன் செடி எதுவோ அது. வாடிய பூவைக் கிள்ளாமல் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். காம்பின் தலையில் பச்சைக் குண்டு ஒன்று தங்கினால் அது தாயாகும். தகப்பனுக்கு மகரந்தம் இருந்தால் போதும். ஆனால் இதழ் அடுக்கடுக்காக நிறைந்த பூவைப் பிரித்துப் பாருங்கள், மகரந்தத் தண்டுகள் பாதி இதழாகவே மாறிப்போயிருக்கும். அதில் ஒன்றும் கிடைக்காது. இதழ் குறைவான பூவைத் தேடுங்கள்.

குட்டை உருவம் மேலோங்கி வரும் குணம். ஒரு பக்கம் பட்டன் இருந்தாலே பிள்ளைகளில் கணிசமானவை குட்டையாக வரும். வருஷம் முழுக்கப் பூக்கும் குணம் அப்படி இல்லை, அது இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும். அதனால் தாய், தகப்பன் இரண்டுமே அடிக்கடி பூக்கிற செடியாக இருக்கட்டும்.

குரோமோசோம், அதாவது பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள், அதன் கணக்கு ஒன்றும் உண்டு. பழைய சீன ரோஜாவுக்கு 14, தோட்டத்துப் பெரிய ரோஜாக்கள் பலவற்றுக்கு 28. இரண்டையும் சேர்த்தால் 21 உள்ள பிள்ளை பிறக்கும், அது நன்றாகப் பூக்கும், ஆனால் அதிலிருந்து அடுத்த தலைமுறை எடுப்பது பெரும் பாடு. பத்துப் பூவில் ஒன்று காய்த்தால் மனம் தளராதீர்கள், கை தப்பாகச் செய்தது என்று அர்த்தமில்லை. குரோமோசோம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்த இ.கே. ஜானகி அம்மாள் இந்த எண்ணிக்கைகளைப் பற்றி உலகத்துக்கே சொன்னவர். அவர் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜா இருக்கிறது, தெரியுமா? கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர் எடுத்தது. மணிப்பூர்க் காட்டு ரோஜாவையும், வங்காளத்தில் ஆற்றோரச் சதுப்பில் வளரும் கிளினோஃபில்லா ரோஜாவையும் கொண்டு வெப்ப நாட்டுக்கென்றே ரோஜா உருவாக்கியவர்கள் அவர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கார்த்திகைக் கடைசியில் தொடங்கி தைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் காய் தங்காது.

காலை ஏழு மணி போல மொட்டைப் பாருங்கள். நிறம் தெரிந்து, நுனி இளகி, இன்னும் விரியாமல் இருக்க வேண்டும். விரிந்துவிட்டால் தேனீ முந்திக்கொண்டிருக்கும். இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிடுங்கள். நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கட்டு நிற்கும், அதுதான் சூல்முடி. அதைச் சுற்றி மஞ்சள் குண்டூசித் தலைகள் மாதிரி மகரந்தப் பைகள். புருவம் திருத்துகிற இடுக்கியால் அவற்றை ஒன்று விடாமல் எடுங்கள். பட்டன் பூவில் இந்த இடம் மொத்தமும் துவரம்பருப்பு அகலம்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்வேன். எடுத்ததும் பட்டர் பேப்பரில் சின்னக் குல்லா செய்து மாட்டிவிடுங்கள்.

தகப்பன் பூவிலிருந்து எடுத்த பைகளை ஒரு எவர்சில்வர் மூடியில் போட்டு, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் ஒரு நாள் வையுங்கள். பைகள் வெடித்து, மூடியை ஆட்டினால் மஞ்சள் தூள் அடியில் ஒட்டும். மறுநாள் காலை குல்லாவைக் கழற்றினால் சூல்முடி பளபளவென்று பிசுபிசுப்பாக இருக்கும். அந்தத் தூளை விரல் நுனியில் தொட்டு அதன் மேல் தடவுங்கள். தூரிகை வேண்டாம், விரலைக் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த தகப்பனுக்குப் போகலாம், தூரிகையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அதற்கும் மறுநாள் இன்னொரு தடவை தடவுங்கள். காம்பில் நூல் கட்டி, தாய் பெயர் முதலில், தகப்பன் பெயர் பிறகு, தேதி. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நறுக்கி, அதில் ஆணியால் கீறி எழுதி வைத்தால் மழைக்கும் அழியாது.

மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். காம்பு மஞ்சளாகிக் கழன்றால் இல்லை என்று அர்த்தம். பச்சையாக நின்று குண்டு பருத்தால் காய் பிடித்திருக்கிறது. பழுக்க மூன்றரை, நாலு மாதம் ஆகும். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், பச்சை மாறி ஆரஞ்சாகும். உள்ளே எனக்கு மூன்று முதல் எட்டு விதை வரை கிடைத்திருக்கிறது. சில காய்களில் ஒன்றே ஒன்று.

பழம் பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். அப்போது விதைத்தால் வீண், வெயிலில் முளைக்காது. சதையை நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆடிக் கடைசியில் எடுத்து, அலசிய தேங்காய் நார்க்கழிவைப் பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி ஒரு ஜிப் கவரில் போட்டு, விதையை அதில் கலந்து மறுபடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் எட்டு வாரம். ஃப்ரீசரில் வேண்டாம். குளிர் நாட்டில் பனிக்காலம் செய்கிற வேலையை நம் வீட்டில் ஃபிரிட்ஜ் செய்கிறது. இந்தக் குளிர் படாவிட்டால் விதை தூக்கத்திலேயே கிடக்கும். வாரம் ஒரு தடவை கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளை வேர் நுனி தெரிந்தால் அதை மட்டும் எடுத்து நட்டுவிடலாம். மற்றவற்றை ஐப்பசியில் அரை அங்குல ஆழத்தில் தயிர் டப்பாக்களில் விதையுங்கள்.

எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஒரு வருஷம் நான் போட்ட 112 விதையில் மார்கழிக்குள் 31 முளைத்தன. செத்தது என்று ஒதுக்கி வைத்த டப்பாவில் அடுத்த வருஷம் ஆறு எட்டிப் பார்த்தது. அதனால் டப்பாவை ஒரு வருஷமாவது கொட்டாதீர்கள்.

முளைத்த ஏழெட்டு வாரத்தில் பூத்துவிடும் என்றால் நம்ப மாட்டீர்கள். செடி நாலு விரல் உயரம்கூட இருக்காது. உச்சியில் மிளகு அளவு ஒரு மொட்டு வரும். தினம் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். என்ன நிறம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, நம் மாடியில்தான் முதன்முதலாகத் தெரியப்போகிறது. முதல் பூவில் ஐந்தோ ஆறோ இதழ்தான் இருக்கும், அதை வைத்துச் செடியை ஒதுக்கிவிடாதீர்கள். நாலாவது, ஐந்தாவது பூவில்தான் உண்மையான உருவம் வரும்.

இனி இரண்டாவது வேலை. வெயில் தாங்குகிற செடி வேண்டும் என்று கேட்டீர்கள். அந்தக் குணத்தை நாம் ஊட்ட முடியாது. அது சில பிள்ளைகளில் பிறக்கும்போதே இருக்கும். எதில் இருக்கிறது என்று காட்டுவது சித்திரை, வைகாசி மாதங்கள்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரிய நஷ்டத்தில். 43 நாற்று இருந்தது அந்த வருஷம். ஒவ்வொன்றையும் நிழல்வலைக்குக் கீழே வைத்து, பூஞ்சாண மருந்து அடித்து, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். மே மாதம் என் மகளின் பிரசவத்துக்காகச் சேலம் போக வேண்டி வந்தது. பத்து நாள் என்று போனவள் பதினெட்டு நாள் தங்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்த பையனுக்கு நடுவில் காய்ச்சல். காற்றில் வலையும் அறுந்து தொங்கியது. திரும்பி வந்து மாடிக் கதவைத் திறந்தபோது, மேற்குச் சுவர் ஓரம் வரிசையாகக் காய்ந்த குச்சிகள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மட்டும் உயிரோடு இருந்தன. இரண்டு இலை உதிர்த்துவிட்டு, பச்சைக் குச்சியாக நின்றன. மூன்றாவதில் இலையே உதிரவில்லை. சிறிய, தடித்த, எண்ணெய் தடவியது போன்ற இலை. உச்சியில் பத்துப் பைசா அளவில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு பூகூட இருந்தது. அதுவரை அந்தச் செடியை நான் சரியாகக் கவனித்ததே இல்லை. இதழ் குறைவு என்று கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தேன். நான் ஆசை ஆசையாக முன்வரிசையில் வைத்திருந்த அடுக்குப் பூச் செடிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்போது அதற்கு வயது ஆறு. ஒன்றேகால் அடி உயரத்துக்கு மேல் போனதில்லை. மார்கழியில் பூ ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது, நல்ல ரோஸ் நிறம். மே மாதத்தில் சிறுத்து வெளிறும், ஆனால் பூப்பது நிற்காது. வாடிய இதழ்கள் காம்பில் ஒட்டிக்கொண்டு அழுகாமல் தானாக உதிர்ந்துவிடும். இலையில் கரும்புள்ளி மழைக்காலத்தில் கொஞ்சம் வரும், மருந்தில்லாமலே தேறிவிடும். குறை என்றால் வாசனை இல்லை. அதற்காகத்தான் மூன்று வருஷமாகப் பன்னீர் ரோஜா மகரந்தத்தை இதன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு காய், ஏழு விதை, ஒரு நாற்று. அந்த நாற்று இன்னும் இந்த வருஷ மே மாதத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருஷத்துக்குப் பிறகு நான் நாற்றுகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். முதல் வருஷம் பாதுகாப்பு உண்டு. அதற்குள் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி எடுத்து வேர்விட வைத்து, ஒரு நகலை நிழலில் ஒதுக்கிவிடுவேன். தாய்நாற்று இரண்டாவது கோடைக்கு மேற்குச் சுவருக்குப் போகும். தண்ணீர் உண்டு, ஆனால் வலையும் மருந்தும் கிடையாது. நகல் இருப்பதால் நல்ல செடி எதுவும் விபத்தில் போய்விடாது. நீங்கள் ஆறு தொட்டியில் தொடங்குகிறவர், தொடக்கத்திலிருந்தே இப்படி நகல் எடுத்து வையுங்கள். 40 நாற்றை இழந்துவிட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

டீத்தூள், முட்டை ஓடு, வெங்காயத்தோல் போட்டால் ரோஜா நன்றாகப் பூக்கும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

சர்க்கரை, பால் போகக் கழுவிய டீத்தூள் மண்ணோடு மக்கினால் நல்லதுதான். முட்டை ஓடு மக்க வெகு காலம் ஆகும், அதை நம்பிப் பூ வராது. பட்டன் ரோஜாவுக்கு மாதம் ஒரு கை மண்புழு உரம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்த கரைசல், இது போதும். மேல்மண் வெயிலில் வேகாமல் நிலக்கடலைத் தோலைப் பரப்பிவிடுங்கள். நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

இலை பச்சை போய் தூசி படிந்த மாதிரி வெளுக்கிறது. வேப்பெண்ணெய் அடித்தால் கருகிவிட்டது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.
– ஒரு வாசகர், திருச்சி

இலையைத் திருப்பி, அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது செம்பேன். வெயில் காலத்தில் பட்டன் ரோஜாவின் முதல் எதிரி அதுதான், செடி தரைக்கு ஒட்டி அடர்த்தியாக இருப்பதால் உள்ளே சுகமாகக் குடியிருக்கும். இதற்குத் தண்ணீரைவிட நல்ல மருந்து இல்லை. காலையில் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். முட்டை பொரித்து மறுபடி வரும், அதனால் மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று நாலு தடவையாவது செய்ய வேண்டும். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் செம்பேனைத் தின்கிற நல்ல பூச்சிகள் செத்து, செம்பேன் இரட்டிப்பாகும். வேப்பெண்ணெய் கருக்கியது என்றால் வெயிலில் அடித்திருப்பீர்கள். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், அதுவும் சாயங்காலம் மட்டும்.

தண்ணீர் விஷயம் தனி. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் இருக்கிறதா பாருங்கள். அது உப்பு. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. மாதம் ஒரு நாள் தொட்டி அடியில் தண்ணீர் நன்றாக ஓடும் வரை விடுங்கள். மழைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து வைத்தால் கோடையில் ரோஜாவுக்கு மட்டும் ஊற்றலாம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுவும் இந்தத் தண்ணீரின் வேலைதான், இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் போகிறது.

நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். இங்கே வெயில் பிரச்சினை இல்லை அக்கா, பனிதான். பட்டன் ரோஜா தப்புமா?
– ஒரு வாசகி, கனடா

தப்பும், ஆனால் தரையில் இருந்தால்தான். தொட்டி மண் நாலு பக்கமும் உறைந்துவிடும். தொட்டியிலேயே வைத்திருப்பதானால், இலை உதிர்ந்த பிறகு சூடு போடாத கராஜுக்குள் தள்ளிவிடுங்கள். தரையில் உள்ளதற்கு, நிலம் உறையத் தொடங்கும்போது அடியைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்கு மண்ணை மலைபோலக் குவியுங்கள். மேலே உள்ள குச்சி செத்தாலும், சொந்த வேர்ச் செடி என்றால் வசந்தத்தில் அடியிலிருந்து அதே ரோஜா வரும். அங்கே ஒட்டுச் செடி வாங்கவே வாங்காதீர்கள்.

உங்கள் நாட்டில் இந்த வேலையை அழகாகச் செய்த ஒருவர் இருந்தார், ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா. ஒட்டாவாவில் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் 1960-களிலிருந்து ரோஜாக்களை வெட்டவெளிப் பனியில் நிற்கவைத்துப் பொறுக்கி எடுத்தார். ‘எக்ஸ்ப்ளோரர்’ வரிசை என்று கேட்டால் நர்சரியில் தெரியும். அவை பெரிய செடிகள், பட்டன் இல்லை. ஆனால் நீங்களும் விதை போடுகிற எண்ணத்தில் இருந்தால், அதில் ஒன்றைத் தகப்பனாக வைத்துப் பாருங்களேன். எனக்கு மே மாதம் செய்வதை உங்களுக்கு ஜனவரி செய்யும்.

உங்கள் ரோஜாவுக்குப் பெயர் வைத்துப் பதிவு செய்தீர்களா?
– ஒரு வாசகர், வேலூர்

இன்னும் இல்லை. ரோஜாப் பெயர்களுக்கான உலகப் பதிவேடு அமெரிக்க ரோஜா சங்கத்திடம் இருக்கிறது. நம் நாட்டில் 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் ரகத்தைப் பதிவு செய்யலாம். அதற்கு வேறு ரகங்களிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும், எடுக்கிற ஒவ்வொரு நகலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வருஷம் போனாலும் மாறக் கூடாது. நான் கொடுத்த குச்சிகள் இப்போது பதினொரு வீடுகளில் வளர்கின்றன. ஆற்காட்டில் ஒன்று, ஏலகிரியில் ஒன்று. அங்கெல்லாம் எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பெயர். அதுவரை எங்கள் வீட்டில் அதற்கு ‘மேற்குச் சுவர்’ என்றுதான் பேச்சு.

அந்தச் செடியில் எனக்கு ஒரு குச்சி கிடைக்குமா? உருளைக்கிழங்கில் குத்தி வைத்தால் வேர் வருமா?
– ஒரு பள்ளி மாணவி, காட்பாடி

கிடைக்கும் கண்ணு. உருளைக்கிழங்கு அழுகும், குச்சியும் சேர்ந்து அழுகும். கிழங்கைச் சமையலுக்கே விட்டுவிடு. பூத்து முடிந்த கிளையில் நாலு விரல் நீளம், மூன்று கணு இருக்கும்படி, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். மேலே இரண்டு இலை இருந்தால் போதும். கழுவின ஆற்று மணலும் நார்க்கழிவும் பாதிப் பாதி. நட்டு, அடி வெட்டின தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வெளிச்சம் உண்டு வெயில் இல்லை என்ற இடத்தில் வைக்க வேண்டும். நாலைந்து வாரத்தில் புதுத் தளிர் வரும். வந்துவிட்டதே என்று உடனே பிடுங்கிப் பார்க்காதே, வேர் வராமலும் தளிர் வரும். இன்னும் இரண்டு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார், பிடித்துக்கொண்டால் வேர் இருக்கிறது.

கார்த்திகையில் மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு வா. ஒரு ஈரத் துணியும் பிளாஸ்டிக் கவரும் கொண்டு வா. மூன்று குச்சி தருகிறேன். ஒன்று தவறினாலும் இரண்டு இருக்கும்.